சிம்லா வைஸ்ராய் மாளிகை இந்தோ-சாரசெனிக்காம்!

மாடக்கண்ணு: சிம்லா வைஸ்ராய் மாளிகை நம்ம சென்னை ஹைகோர்ட் மாதிரி இந்தோ-சாரசெனிக், அதாவது முகலாயக் குவிமாடமும் வளைவும் கலந்து வெள்ளைக்காரன் கட்டின பாணின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அது இருக்குற அப்சர்வேட்டரி ஹில்லுக்கு ஒரு தடவை போனவன் இப்படி எழுதுவானா? சாம்பல் கல்லு, கோட்டை மாதிரி கோபுரம். எலிசபெத் காலத்து இங்கிலீஷ் பிரபு வீட்டை அப்படியே மலைமேல தூக்கி வச்சிருக்கான்.

பாரிமுனை_பாலா: எழுதினது நான்தான் சார். டிசைன் பண்ணது ஹென்றி இர்வின். ஹைகோர்ட்டை முடிச்சதும் அவர்தான், மைசூர் அரண்மனையும் அவர்தான். வாசலைத் தாண்டினதும் மூணு மாடிக்கும் ஏறுற படிக்கட்டு முழுக்க பர்மா தேக்கு. அது என்ன இங்கிலாந்துல விளையுதா?

மாடக்கண்ணு: சிம்லா வீடு 1888, ஹைகோர்ட் 1892. ஒரே ஆள் ரெண்டு பாணியில கட்டக் கூடாதா? உள் அலங்காரம் லண்டன் மேப்பிள் கம்பெனி.

பாரிமுனை_பாலா: தேக்குக்குப் பதில் சொல்லுங்க.

செங்கல்சூளை: பர்மா எப்ப சார் இந்தியா ஆச்சு?

பாரிமுனை_பாலா: 1937 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவோடதான் இருந்துச்சு. தெரியலைன்னா படிச்சுட்டு வாங்க.

மாடக்கண்ணு: செட்டிநாட்டு வீட்டுத் தூணும் பர்மா தேக்குதான். அப்ப அது பர்மா பாணியா? போன மாசம் வேற ஒரு இழையிலயும் இதே தேக்கைத்தான் பிடிச்சுத் தொங்கினீங்க. அன்னைக்கும் பதில் வரல.

காரைக்குடி_மீனா: எங்க வீடுகளை ஏன் இழுக்குறீங்க? எங்க ஆளுங்க சொந்தக் காசுல கட்டினது. இது வருஷா வருஷம் கல்கத்தாவுலேர்ந்து ஃபைலைத் தூக்கிட்டு மலையேறின வெள்ளைக்காரனுக்கு, நம்ம வரிப்பணத்துல கட்டினது. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க.

மாடக்கண்ணு: மரத்தைத்தான் சொன்னேன்மா, மனுஷங்களை இல்ல.

காரைக்குடி_மீனா: "மா" எல்லாம் வேண்டாம். பேர் சொல்லிப் பேசுங்க.

செங்கல்சூளை: 1965-லேர்ந்து அங்க ஆய்வு நிறுவனம் நடக்குது. வைஸ்ராய் நம்ம தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசின 1945 மாநாட்டுக்குக் காந்தி, ஜின்னா எல்லாரும் சிம்லா வந்தாங்க. அதைப் பேசலாமே?

மாடக்கண்ணு: காந்தி சிம்லா வந்தார், மாநாட்டு மேஜையில உட்காரல. இது தனி இழை. பாலா சார், அந்த முகப்புல ஹைகோர்ட்டுல இருக்குற மாதிரி ஒரே ஒரு குமிழ்க் குவிமாடம் காட்டுங்க. ஒண்ணு போதும்.

பாரிமுனை_பாலா: உள்ள காஷ்மீர் வால்நட் மரத்துல கூரை செதுக்கியிருக்கு. அதைப் பார்த்தீங்களா?

மாடக்கண்ணு: கேட்டது குவிமாடம். திரும்ப மரத்துக்கே போறீங்க.

பாரிமுனை_பாலா: நீங்க முதல்ல தேக்குக்குப் பதில் சொல்லுங்க.