போரில் பிடித்த ஊரை எப்படித் தக்கவைப்பது: கவர்னரா, மக்கள்தொகையா?

பவானிக்கரையான்:
நாடு கட்டி ஆளும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-க்கு 2018-ல் ரைஸ் அண்ட் ஃபால் என்ற கூடுதல் தொகுப்பு வந்த பிறகு, ஊரைப் பிடிப்பதைவிட வைத்திருப்பதுதான் பெரிய வேலை. லாயல்டி, அதாவது ஊருக்கு நம் மேல் உள்ள விசுவாசம், பூஜ்யத்துக்கு இறங்கினால் ஊர் நம் கையை விட்டுப் போய் யாருக்கும் சேராத ஃப்ரீ சிட்டி ஆகிவிடும். பிடித்த உடனே கவர்னரை அனுப்புங்கள்; டர்னுக்கு (ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும்) 8 லாயல்டி கிடைக்கும். படை ஒன்றை உள்ளேயே நிறுத்தி லிமிட்டானி என்ற அரசுக் கொள்கை கார்டு போட்டால் 2. மான்யுமென்ட் என்ற நினைவுச்சின்னம் கட்டினால் 1. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஊர் நிற்கும்.

நொய்யல்தம்பி:
அண்ணா, எல்லாம் கூட்டினாலும் 11தானுங்க. சுற்றிலும் எதிரி ஊர்கள் இருந்தால் அந்த ஊர் மக்களின் அழுத்தத்தில் மட்டும் லாயல்டி டர்னுக்கு 20 வரை இறங்கும். மீதி 9-க்கு எங்கே போவது? ஒன்பது டைலுக்குள் (வரைபடக் கட்டத்துக்குள்) யாருடைய மக்கள் அதிகம் என்பதுதான் இங்கே பேசும். ஒரு டைல் தள்ளிப் போனால் பத்து சதவீதம் குறையும். பத்துப் பேர் இருக்கும் எதிரி ஊர் மூன்று டைல் தள்ளி இருந்தால் அழுத்தம் 7, எட்டு டைல் தள்ளி இருந்தால் 2. அதனால் எதிரி நடுவில் ஒற்றை ஊரைப் பிடிக்கவே கூடாது. பக்கத்து ஊர்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் அந்த மக்கள் அவன் கணக்கில் கழிந்து நம் கணக்கில் ஏறுவார்கள். கவர்னர்கள் மொத்தமே ஏழு பேர், எத்தனை ஊருக்கு அனுப்புவீங்க?

பவானிக்கரையான்:
ஒரே மூச்சில் மூன்று ஊர் பிடிக்க எல்லாரிடமும் படை இருக்குமா தம்பி? விக்டர் என்ற கவர்னருக்கு கேரிசன் கமாண்டர் பதவி உயர்வு கொடுத்துப் பார். ஒன்பது டைலுக்குள் இருக்கும் நம் மற்ற ஊர்களுக்கும் தலா 4 கிடைக்கும். அப்புறம் நேரம் பார்க்க வேண்டும். நம் நாட்டின் பொற்காலமான கோல்டன் ஏஜில் நம் மக்களின் அழுத்தம் ஒன்றரை மடங்கு, இருண்ட காலமான டார்க் ஏஜில் பாதி. டார்க் ஏஜில் போருக்குப் போகிறவனுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

சங்ககிரியார்:
இரண்டு பேரும் அந்த ஊர் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. கொங்கு நாட்டை ஆண்டவர்களை எண்ணிப் பாருங்கள்: சோழர், பாண்டியர், விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர். 1799-ல் திப்பு விழுந்த பிறகும் தீரன் சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்றார். படையும் பணமும் இருந்த கம்பெனி அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-ல்தான். விளையாட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது. அமெனிட்டி (மக்களுக்கான வசதி) குறைந்து ஊர் அதிருப்தியில் இருந்தால் லாயல்டி சரியும், பட்டினி கிடந்தாலும் சரியும். மகிழ்ச்சியாக இருந்தால் ஏறும். வயலையும் ஆடம்பரப் பொருளையும் கவனிக்காமல் கவர்னரை மட்டும் அனுப்புவது வரி வாங்க ஆள் அனுப்புவது போலத்தான்.

நொய்யல்தம்பி:
சரிங்க, அமெனிட்டி வேண்டும், ஒத்துக்கறேன். ஆனால் 20 இறங்கும் இடத்தில் அது போதாது. அப்படிப்பட்ட ஊரை விட்டுவிடலாம். ஃப்ரீ சிட்டி ஆனபிறகு அதைத் தாக்கினால் யாருக்கும் நம் மேல் மனக்குறை வராது.

பவானிக்கரையான்:
ஃப்ரீ சிட்டி ஆனதும் அதற்குப் புதிதாகப் படை முளைக்கும், அதோடு மறுபடி மோத வேண்டும். பக்கத்தில் எலினார் என்ற தலைவியின் நாடு இருந்தால் அந்த வழியும் இல்லை. அவருடைய அழுத்தம் அதிகமானால் ஊர் ஃப்ரீ சிட்டி ஆகாமல் நேராக அவரிடமே சேர்ந்துவிடும்.

நொய்யல்தம்பி:
எலினார் பக்கத்தில் இருந்தால் என் முதல் போரே அவர் மேல்தானுங்கண்ணா. மற்ற ஊர்களை அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.