200 புள்ளிக்கு விமானந்தாங்கி தேவைதானா?

உப்புவெளியான்:
போன ஞாயிறு எங்கள் விறாந்தையில், மேசையில் தாயம் உருட்டி ஆடும் விண்கப்பல் போர் ஆட்டம், ஆளுக்கு 200 புள்ளிக்குக் கப்பல் எடுக்கலாம். நான் 80 புள்ளிக்கு ஒரு விமானந்தாங்கியும் 40 படி மூன்று குரூசரும் (நடுத்தரப் போர்க்கலம்) எடுத்தேன். தாங்கியிலிருந்து கிளம்பிய நான்கு சண்டைக்கல அணிகளும் எதிராளியின் போர்க்கப்பலை மூன்றாம் சுற்றிலேயே முடித்துவிட்டன, அதன் பீரங்கி எட்டும் தூரத்துக்கு என் பெரிய கப்பல் ஒன்றுகூடப் போகவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் தாங்கி எடுங்கள் என்பதுதான் என் கருத்து.

நாசகாரிப்பிரியன்:
அண்ணை, நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சண்டைக்கலத்தைச் சுடும் சின்னப் பீரங்கி எங்கள் விதியில் நாசகாரி என்ற சின்னக் கப்பலுக்கு மட்டும்தான் உண்டு, உங்கள் எதிராளி ஒரு நாசகாரிகூட எடுக்கவில்லை. பிறகு எப்படித் தப்புவார்?

இன்னொன்று. விண்வெளியில் காற்று இல்லை, திரும்புவதற்கும் நிற்பதற்கும் எரிபொருள்தான் வேண்டும். சண்டைக்கலம் வேகம் எடுக்க வேண்டும், எதிரிக்குப் பக்கத்தில் அதைக் குறைக்க வேண்டும், திரும்பி வர மறுபடி எடுக்க வேண்டும், தாங்கியிடம் வந்து மறுபடி நிற்க வேண்டும். ஏவுகணைக்கு முதலாவது மட்டும் போதும். ஏவுகணையின் எடையில் பாதி எரிபொருள் என்று வைத்தால், அதே இயந்திரத்தோடு அதே வேகத்தில் போய்வரும் கலத்தின் எடையில் 16இல் 15 பங்கு எரிபொருளாகிவிடும். எங்கள் விதி அந்தத் திரும்பும் பயணத்தைச் சும்மா கொடுக்கிறது, தாங்கி பலமாகத் தெரிவது அதனால்தான்.

உப்புவெளியான்:
தம்பி, கணக்கு சரி. ஆனால் விதியில் இருப்பதை வைத்துத்தானே கப்பல் எடுக்க வேண்டும்? ஏவுகணை ஒரு தரம் போனால் போனதுதான், என் கலங்கள் ஆட்டம் முடியும் வரை திரும்பத் திரும்ப வந்து அடிக்கும்.

சீனன்குடா:
இரண்டு பேரும் போர்க்கப்பலை மறந்துவிட்டீர்கள். 80 புள்ளிக்கு ஒரு போர்க்கப்பல், 16 பெட்டி (ஓர் அடிக்குத் தாளில் ஒரு பெட்டியை வெட்டுவோம்), நான்கு பீரங்கி. அதே 80க்கு நான்கு நாசகாரி எடுத்தாலும் 16 பெட்டி, நான்கு பீரங்கிதான். தாளில் சமம். ஆனால் நான்கு அடி விழுந்ததும் ஒரு நாசகாரி போய்விடும், அதோடு ஒரு பீரங்கியும் போகும். போர்க்கப்பலில் நான்கு பெட்டியைப் பென்சிலால் வெட்டிய பிறகும் நான்கும் சுடும், பதினைந்தாவது பெட்டியை வெட்டினாலும் சுடும்.

உப்புவெளியான் அண்ணைக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் எங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. முந்தின இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிரித்தானியரின் ஹெர்மிஸ் விமானந்தாங்கியை அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். அதில் அப்போது ஒரு விமானமும் இருக்கவில்லை. கூடப் போன வாம்பயர் நாசகாரியும் போய்விட்டது. கலங்களை அனுப்பிவிட்டு வெறுமையாக நிற்கிற தாங்கியின் நிலை அதுதான். அதை யார் காப்பது என்று யோசித்துவிட்டு 80 புள்ளியைக் கொடுங்கள்.

நாசகாரிப்பிரியன்:
நல்ல உதாரணம், ஆனால் போர்க்கப்பல் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. தாயம் உருட்ட முன்னமே இலக்கைச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான்கு பெட்டி நாசகாரிக்கு ஏழு அடி விழுந்தால் மூன்று வீண், போர்க்கப்பலில் ஒரு அடியும் வீணாகாது. அதோடு அடுத்த ஆட்டத்தில் காக்க வேண்டிய நிலையங்கள் மூன்று, போன சுற்று வேகத்தை ஒரு சுற்றில் ஒரு கட்டத்துக்கு மேல் மாற்றவும் முடியாது. ஒரு பக்கம் ஓடத் தொடங்கிய போர்க்கப்பல் மறுபக்கம் திரும்ப முன்னம் அங்கே எல்லாம் முடிந்துவிடும்.

சீனன்குடா:
மூன்று நிலையம் என்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியென்றால் ஒரு போர்க்கப்பல், ஆறு நாசகாரி. அதற்கு மேல் இறங்கமாட்டேன்.

உப்புவெளியான்:
தாங்கியை நான் விடமாட்டேன். ஒரு குரூசரைக் கழித்துவிட்டு இரண்டு நாசகாரியை அதன் இரு பக்கமும் நிறுத்துகிறேன். தம்பி பத்து நாசகாரியோடு வரட்டும், சனி பின்னேரம் நாலு மணிக்கு மேசை தயாராக இருக்கும். காய்களாக வைக்கச் சோடா மூடிகள் போதாது, கொஞ்சம் கொண்டு வாருங்கள்.