டேட்டா சென்டர் மாற்றிய பிறகு டெவலப்பர் சூழல்களில் உள்நுழைவு தொங்குகிறது. பிங் மட்டும் போகிறது

கேட்டவர்:
வணக்கம். எங்கள் குழுவின் 34 டெவலப்பர் சூழல்களைச் சென்னையிலிருந்த டேட்டா சென்டரிலிருந்து மும்பையில் உள்ள வேறொன்றுக்குச் சென்ற சனிக்கிழமை இரவு மாற்றினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு உபுண்டு விஎம் (மெய்நிகர் கணினி), அதற்குள் டாக்கர் கன்டெய்னர்கள் (செயலிகளைத் தனித்தனியே ஓட்டும் பெட்டிகள்) என்பதே அமைப்பு. பழைய வட்டுகளை அப்படியே இமேஜாக எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றினோம். ஐபி முகவரிகளை மட்டும் கையால் திருத்தினோம்.

எல்லா விஎம்களும் எழுந்துவிட்டன, பிங் (எதிர்முனை பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது, 22ஆம் போர்ட்டும் திறந்தே இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை, 22ஆம் போர்ட் அதற்குத்தான்) வழியாக நுழைய முயன்றால், இணைப்பு ஏற்பட்டது என்று காட்டிவிட்டு, சாவிப் பரிமாற்றத்தில் சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லும் வரியிலேயே நின்றுவிடுகிறது. ஃபயர்வால் விதிகளை மூன்று முறை சரிபார்த்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று யாராவது வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
சர்வரில் ரிவர்ஸ் டிஎன்எஸ் தேடலை (ஐபி முகவரியிலிருந்து பெயரைக் கண்டுபிடிப்பது) அணைத்துப் பாருங்கள் நண்பரே. அந்தத் தேடலைச் செய்யும் ரிசால்வரின் முகவரி பழையதாகவே இருந்தால் உள்நுழைவு இப்படித் தாமதமாகும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதைச் செய்வதில் தவறில்லை, ஆனால் அது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். டிஎன்எஸ் கோளாறென்றால் சிறிது நேரம் காக்க வைத்துவிட்டு உள்ளே விடும். சாவிப் பரிமாற்றத்தின் நடுவில் முடிவில்லாமல் நிற்காது. சிறிய பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) போய்ச் சேருகின்றன, பெரியவை போய்ச் சேரவில்லை என்பதற்கான அடையாளம் இது. பிங், டிசிபி கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்கும் பரிமாற்றம்) எல்லாம் நூறு பைட்டுக்குள் முடிபவை. சாவிப் பரிமாற்றம்தான் முதன்முதலாக ஆயிரம் பைட்டைத் தாண்டும் இடம். அதிலும் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் குவாண்டம் கணினிகளைத் தாங்கும் முறை இயல்பாக வந்துவிட்டதால் அந்தப் பாக்கெட்டுகள் இன்னும் பெருத்துவிட்டன.

கன்சோல் வழியாக ஒரு விஎம்முக்குள் போய், வெளியே உள்ள ஏதாவது ஒரு முகவரிக்கு, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன், முதலில் 1472 பைட் அளவிலும் பிறகு 1422 பைட் அளவிலும் பிங் அனுப்பிப் பாருங்கள். கூடவே விஎம்மின் நெட்வொர்க் இடைமுகத்தில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) எவ்வளவு என்று காட்டுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை அணைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. 1472க்குப் பதிலே இல்லை. பிழைச் செய்திகூட வரவில்லை, அமைதியாக இருக்கிறது. 1422க்கு உடனே பதில் வருகிறது. எம்டியு 1500 என்று காட்டுகிறது.

மறுமொழி 2:
விடை அந்த அமைதியில்தான் இருக்கிறது. உங்கள் புதிய இடத்தில் விஎம்களுக்கான நெட்வொர்க் விஎக்ஸ்லேன் (ஒரு நெட்வொர்க்கின் மேல் இன்னொன்றை ஓட்டும் முறை) மேல் ஓடுகிறது என்று தெரிகிறது. அதில் உங்கள் ஒவ்வொரு பாக்கெட்டும் இன்னொரு உறைக்குள் போடப்பட்டு அனுப்பப்படும். உள்ளிருக்கும் ஈதர்நெட் தலைப்புக்கு 14 பைட், ஐபி தலைப்புக்கு 20, யூடிபிக்கு 8, விஎக்ஸ்லேனுக்கு 8 என அந்த உறைக்கு மட்டும் 50 பைட் ஆகிறது. அடியில் உள்ள கம்பியின் எல்லை 1500 என்றால் விஎம்முக்கு மிஞ்சுவது 1450. நீங்கள் அனுப்பிய 1422உடன் ஐபி, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் பயன்படுத்தும் நெறிமுறை) தலைப்புகளின் 28ஐக் கூட்டிப் பாருங்கள், அதே எண் வரும்.

வழியில் ரவுட்டர் இருந்து அது பாக்கெட்டை விட மறுத்தால், அளவைக் குறைத்து அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தியாவது திருப்பி அனுப்பும். 1990இல் வகுத்த முறையே அதுதான். இங்கே பாக்கெட் விழுவது ரவுட்டருக்கும் கீழே, ஸ்விட்ச் அடுக்கில் என்பதால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்.

புதிதாக உருவாக்கிய விஎம் என்றால் டிஎச்சிபி (ஐபி முகவரி முதலியவற்றைத் தானாக வழங்கும் முறை) வழியாகவே 1450 என்ற அளவு கிடைத்திருக்கும். நீங்கள் பழைய வட்டைக் கொண்டுவந்து ஐபியைக் கையால் எழுதியதால் அந்தத் தகவல் வந்து சேரவில்லை. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பில் அந்த இடைமுகத்துக்கு எம்டியு 1450 என்று ஒரு வரி சேர்த்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

கேட்டவர்:
ஐயா, மிக்க நன்றி. ஒரு விஎம்மில் மாற்றிய நொடியே உள்நுழைவு கிடைத்தது. மதியத்துக்குள் 34இலும் மாற்றிவிட்டோம். ஆனால் இன்னொரு சிக்கல் தலைகாட்டுகிறது. விஎம்மிலிருந்து கிட் களஞ்சியத்தை (நிரல் கோப்புகளின் தொகுப்பு) இறக்கினால் சரியாக வருகிறது. அதே கட்டளையை கன்டெய்னருக்குள் கொடுத்தால் தொங்குகிறது. என்பிஎம்மும் (நிரல் தொகுப்புகளை இறக்கும் கருவி) அப்படியே.

மறுமொழி 3:
இது நானும் ஒரு முழு நாளைத் தொலைத்த இடம். டாக்கர் தன் பிரிட்ஜை (கன்டெய்னர்களை இணைக்கும் மெய்நிகர் நெட்வொர்க்) உருவாக்கும்போது விஎம்மின் எம்டியுவைப் பார்ப்பதில்லை, 1500 என்றே வைத்துக்கொள்கிறது. அதனால் கன்டெய்னர் எதிர்முனையிடம் 1500க்கு ஏற்ற அளவையே அறிவிக்கிறது. வரும் பெரிய பாக்கெட்டுகள் விஎம்மை எட்டும் முன்பே விழுந்துவிடுகின்றன. டாக்கர் டீமனின் (பின்னணியில் ஓடும் நிரல்) அமைப்புக் கோப்பில் எம்டியு 1450 என்று எழுதி, டாக்கரை மறுபடி தொடங்குங்கள். ஆனால் அது இயல்பான பிரிட்ஜுக்கு மட்டுமே பொருந்தும். கம்போஸ் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவி) ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நெட்வொர்க் உருவாக்கிக்கொள்ளும் என்பதால், கம்போஸ் கோப்பின் நெட்வொர்க் பகுதியிலும் டிரைவர் விருப்பமாக எம்டியுவைத் தனியே குறிப்பிட வேண்டும்.

மறுமொழி 4:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்களும் சென்னையிலிருந்து மும்பைக்கு மாறியிருக்கிறோம். எங்களுக்கு எதுவும் தொங்கவில்லை. ஆனால் கிட் ஸ்டேட்டஸ் (எந்தக் கோப்புகள் மாறியுள்ளன என்று காட்டும் கட்டளை) கொடுத்தால் இரண்டு நிமிடம் ஆகிறது. ஹோம் டைரக்டரிகள் என்எஃப்எஸ் (வேறு கணினியிலுள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியே அணுகும் முறை) வழியாக இன்னும் சென்னையில்தான் இருக்கின்றன. களஞ்சியத்தில் ஏறத்தாழ 30,000 கோப்புகள், பிங் 24 மில்லிநொடி. எங்களுக்கும் எம்டியுதான் காரணமா?

மறுமொழி 2:
இல்லை, உங்களுடையது வேறு நோய். கிட் ஒவ்வொரு கோப்பும் மாறியிருக்கிறதா என்று சென்னைக்கு ஆளனுப்பிக் கேட்டுவருகிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருந்தால் 30,000 முறை 24 மில்லிநொடி, அதாவது 12 நிமிடம் ஆகியிருக்கும். ஒரே நேரத்தில் பல கேள்விகளை அனுப்புவதால்தான் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும் என்பதால், எந்த அமைப்பை மாற்றினாலும் அந்தத் தாமதத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. ஹோம் டைரக்டரிகளை மும்பைக்குக் கொண்டுவாருங்கள். உண்மையில் அவற்றைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும்.

கேட்டவர்:
டீமன் கோப்பை எல்லா விஎம்களிலும், கம்போஸ் கோப்புகளைத் திட்டவாரியாகவும் திருத்திவிட்டோம். ஒரு திட்டத்தில் மட்டும் திருத்திய பிறகும் என்பிஎம் தொங்கியது. பார்த்தால், பழைய அளவுடன் ஏற்கெனவே உருவான நெட்வொர்க்கே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கன்டெய்னர்களை நிறுத்தி, அந்த நெட்வொர்க்கை அழித்து, கம்போஸை மறுபடி ஏற்றியதும் என்பிஎம் வேலை செய்கிறது.