'கோர்பி'ன்னா என்ன அர்த்தம்? இங்கிலாந்துல இருக்கிற அந்த ஊர்ப் பேரோட உங்க அனுபவம் இருந்தா சொல்லுங்க

பெட்ஃபோர்ட்காரன்:
லூட்டன் ஏர்போர்ட்ல இறங்கி ரயில் ஏறுனவங்களுக்கு இந்தப் பேரு பழகியிருக்கும், போர்டுல எந்நேரமும் 'கோர்பி' வண்டி ஒண்ணு ஓடிட்டே இருக்கும். நான் ரெண்டு வருஷமா அதுலதான் வர்றேன், ஆனா பெட்ஃபோர்ட்லயே இறங்கிடுவேன். போன மாசம் அசந்து தூங்கிட்டேன், முழிச்சா கடைசி ஸ்டேஷன் கோர்பி, திரும்பி வர வண்டியும் இல்ல. டாக்ஸிக்காரர் பேசுறது பாதி புரியல, அச்சு அசல் ஸ்காட்லாந்து பேச்சு. அங்க எந்த ஊருங்கன்னு கேட்டேன், "பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கதான், தாத்தாதான் கிளாஸ்கோ"ன்னுட்டாரு. 1930கள்ல ஸ்டீவர்ட்ஸ் அண்ட் லாய்ட்ஸ் கம்பெனி இங்க உருக்காலை போட்டப்ப அந்தப் பக்கத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்து இறங்கிட்டாங்களாம், அதான் ஊருக்கு 'லிட்டில் ஸ்காட்லாந்து'னு பட்டப்பேரு. கோர்பினாலே ஸ்காட்லாந்து பாஷைல அண்டங்காக்கான்னு வேற அடிச்சு சொன்னாரு. நெசமாவா?

ஊர்ப்பேர் பைத்தியம்:
ஸ்காட்லாந்துல 'கோர்பி'ன்னா அண்டங்காக்கா, அது சரிதான். ஆனா இந்த ஊர்ப் பேரு அதுல இருந்து வரல பாஸ், 1086ல இங்கிலாந்து ராஜா எடுத்த நிலக் கணக்கு, டூம்ஸ்டே புத்தகம், அதுலயே இந்த ஊரு இருக்கு, கிளாஸ்கோக்காரங்க வந்ததெல்லாம் நேத்து. டேனிஷ்காரங்க வந்து குடியேறுனப்ப கோரிங்கிற ஆளோட ஊருன்னு வெச்ச பேரு. கடைசில வர்ற 'பி' நம்ம பட்டி, பாளையம் மாதிரி, டெர்பி, ரக்பி, விட்பி, கிரிம்ஸ்பி எல்லாம் அதே வால்தான்.
இதை ஆபீஸ்ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர்கிட்ட பெருமையா எடுத்து விட்டேன். மனுஷன் ஒண்ணும் பேசல, போனை எடுத்து அந்த ஊரோட சின்னத்தைக் காமிச்சாரு, நடுவுல ஜம்முனு ஒரு அண்டங்காக்கா!! ஊர்க்காரங்களே காக்காவைத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் எங்க போய் வாதாடுறது.

கெட்டரிங் அக்கா:
நான் கோர்பிக்குப் பக்கத்தில கெட்டரிங்கில முதியோர் பராமரிப்பு வேலை செய்யிறன், நாங்கள் பாக்கிற வயசான ஆக்களில கனபேர் கோர்பி ஆலையில நிண்டவை. வந்த புதுசில ஒரு ஐயாவிட்ட "நீங்கள் அந்தப் பழைய ஸ்டீல் டவுன் தானே"ண்டு கேட்டுப்போட்டன், அவருக்கு வந்த கோபம்! உருக்கிறதுதான் 1980இல நிண்டது பிள்ளை, குழாய் இப்பவும் செய்யினம், பழையதெண்டு சொல்லாதையெண்டார். பிறகு தேடிப் பாத்தன், உண்மைதான், அந்தக் குழாய் ஆலை இப்ப டாடாவின்ர. ரெண்டாம் உலகப்போரில கடலுக்கடியால பிரான்சுக்கு எண்ணெய் அனுப்பின புளூட்டோ திட்டத்துக்கும் கோர்பிக் குழாய் போனதாம், அந்தக் கதையை எனக்கு ஒரு நாப்பது தரமாவது சொல்லியிருப்பார். கொஞ்சக் காலத்துக்குள்ள 11,000 வேலை போன ஊர், கோபம் வரத்தானே செய்யும்.
ஆலைக் குழாயில எரியிற நெருப்பை 'கோர்பி கேண்டில்' எண்டுதான் சொல்லுறவையாம், இரவில கனதூரத்துக்குத் தெரியுமாம். அது அணைஞ்ச கதை வந்தா மட்டும் ஐயா பேசாமல் இருந்திடுவார்.

ஃபுட்பால் வெறியன்:
அந்த ஊர் டீமுக்கு இன்னைக்கும் 'ஸ்டீல்மென்'தான் செல்லப்பேரு, கிரவுண்டு பேரும் ஸ்டீல் பார்க். அக்கா சொன்ன ஐயா கட்சிதான் நானும்.

சூட்கேஸ் சுந்தரம்:
என் கதை வேற ரகம். இங்க வந்த முதல் வாரம், இன்டர்வியூக்கு முந்தின ராத்திரி, பேன்ட் கசங்கிக் கெடக்குதுன்னு ஹோட்டல்ல இஸ்திரிப்பெட்டி கேட்டேன். "ரூம்லயே கோர்பி இருக்கே"ன்னு சொன்னா அந்தப் பொண்ணு. ஒண்ணும் புரியல, திரும்பக் கேக்கவும் வெக்கம், சரி சரின்னு தலையாட்டிட்டு மேல வந்து பேன்ட்டை மெத்தைக்கு அடியில விரிச்சு அது மேலயே படுத்துட்டேன். காலைல பார்த்தா செவுத்தோரமா மரப்பலகை மாதிரி ஒண்ணு, பேன்ட்டை உள்ள சொருகி மூடுனா அதுவே சூடாகி மடிப்பு எடுத்துக் குடுக்குது, அதுல எழுதியிருக்கு கோர்பின்னு. இரும்பு ஊருல செஞ்ச இஸ்திரி போலன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன், கடைசில பார்த்தா அது விண்ட்ஸர்ல இருந்த ஜான் கோர்பிங்கிற கம்பெனி, ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பெட்ஃபோர்ட்காரன்:
@ஊர்ப்பேர் பைத்தியம் அடப்பாவி, அந்த அண்டங்காக்கா கதைக்காகவே டாக்ஸிக்காரருக்கு டிப்ஸ் வேற குடுத்தேன்.