பழைய கெப்ளர் கார்டுகளை டிஎக்ஸ்விகே கைவிட்டது சரியா?

பழம்பெட்டி:
ஜிடிஎக்ஸ் 660 போன்ற கெப்ளர் (என்விடியாவின் பழைய தலைமுறை) கிராபிக்ஸ் கார்டுள்ள லினக்ஸ் கணினியில், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானின் 7.0 பதிப்பில் ஒழுங்காக ஓடும் டைரக்ட்3டி 11 ஆட்டம், 8.0-க்கு மாற்றியதும் திறக்காமலேயே மூடிக்கொள்கிறது. கார்டில் பழுது இல்லை. விண்டோஸின் கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்3டி-யின் அழைப்புகளை, லினக்ஸிலும் உள்ள வல்கன் என்ற இடைமுகத்துக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே, 2022 நவம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3-ஐக் கட்டாயமாக்கியதே காரணம். பழைய கணினிக்கு லினக்ஸ் உயிர் கொடுக்கும் என்று சொல்லித்தான் பலரை அழைத்து வந்தோம். அவர்களிடம் இப்போது புதுக் கார்டு வாங்குங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நிரல்வாசி:
உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் பழி சேர வேண்டிய இடம் வேறு. கெப்ளருக்கு என்விடியா தந்த கடைசி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வரிசை 470. அது வல்கன் 1.2-உடன் நின்றுவிட்டது, அதன் மூலநிரலும் மூடியது என்பதால் வெளியார் யாரும் அதில் 1.3-ஐச் சேர்க்க முடியாது. 2.0-இன் மாற்றமும் வீண் பிடிவாதமன்று. ஆட்டத்தின் நடுவே ஷேடர்கள் (படத்தை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கப்படுவதால் படம் திக்கித் திக்கி நின்றதே, அந்த வேலையை டிரைவர் இடம்கொடுத்தால் ஆட்டம் ஏறும்போதே முடித்துவிட வழிசெய்தது இந்தப் பதிப்புதான். பழைய வழியையும் புதிய வழியையும் சேர்த்துச் சுமந்தால், மிகச் சிலரே பராமரிக்கும் ஒரு திட்டம் ஒவ்வொரு பிழையையும் இருமுறை சோதிக்க வேண்டியிருக்கும்.

பழம்பெட்டி:
சுமையை ஒப்புக்கொள்கிறேன், மௌனத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டங்களை வாங்கித் தொடங்கும் ஸ்டீம் செயலியில் பொத்தானை அழுத்தினால் சில நொடிகள் ஆட்டம் ஓடுவதாகக் காட்டிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. காரணத்தைச் சொல்லும் லாக் கோப்போ, நாமாகக் கேட்டால் ஒழிய எழுதப்படுவதில்லை. கணினி பற்றி அதிகம் அறியாதவர் லினக்ஸே சரியில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார்.

முனையம்:
அந்த லாக்கைப் படிக்காமல் தீர்வு சொல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கார்டின் பெயரைக் குறிப்பிட்டு, வல்கன் 1.2 அடாப்டர் (கார்டு) என்பதால் தவிர்க்கப்பட்டது என்ற வரி இருந்தால் அது கெப்ளர் சிக்கல். ஆட்டத்தின் பண்புகளில் புரோட்டான் 7.0-ஐத் தேர்ந்தெடுங்கள். அதுவும் உதவாவிட்டால் டிஎக்ஸ்விகே-க்குப் பதிலாக, ஓப்பன்ஜிஎல் என்ற பழைய இடைமுகம் வழியாக ஓடும் வைன்டி3டி உண்டு, ஆனால் டைரக்ட்3டி 11 ஆட்டங்களில் வேகம் பெரும்பாலும் குறையும். கார்டின் பெயரே லாக்கில் இல்லையென்றால் கதை வேறு. 32 பிட் ஆட்டத்துக்கு வேண்டிய 32 பிட் வல்கன் டிரைவர் நிறுவப்படாமல் இருக்கலாம். ஏஎம்டியின் ஹெச்டி 7000 வரிசைக் கார்டுகள் பலவற்றில், வல்கன் இல்லாத ரேடியான் என்ற பழைய கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) டிரைவர் பிடித்துக்கொண்டிருக்கலாம். கெர்னல் அளவுருவை மாற்றி ஏஎம்டிஜிபியு என்ற புதிய டிரைவருக்குத் திருப்பினால் அதே கார்டில் வல்கன் கிடைத்துவிடும். எண்ணைப் பார்த்தும் ஏமாறாதீர்கள்: ஜிடிஎக்ஸ் 750 டிஐ எழுநூறு வரிசையில் இருந்தாலும் கெப்ளருக்கு அடுத்த மேக்ஸ்வெல் வகை, அதற்கு வல்கன் 1.3 உள்ள டிரைவர் உண்டு.

பழம்பெட்டி:
7.0 இன்றைக்குப் போதும். நாளை வரும் ஆட்டத்துக்கான திருத்தங்கள் புதிய புரோட்டானில்தானே சேரும்?

நிரல்வாசி:
ஆம், அதை மறுக்கவில்லை. டைரக்ட்3டி 12 ஆட்டங்களுக்கு அந்தக் கார்டில் 7.0-க்குத் திரும்பும் இந்த வழியும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் அறிவிப்பை டிஎக்ஸ்விகே-யிடம் கேட்பதில் பயனில்லை. பொருத்தமான சாதனம் இல்லை என்று ஆட்டத்துக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே கார்டின் வல்கன் பதிப்பைப் பார்த்து எச்சரிக்க வேண்டியது புரோட்டானும் ஸ்டீமும்தான். புரோட்டானின் பிழைப்பட்டியலில் அந்தக் கோரிக்கையை எழுதுங்கள், நானும் ஆதரிக்கிறேன்.