புதுப்பிப்பு: நீட்டிக்கப்பட்ட புரொபேஷன் முடிந்து பணி உறுதியாகிவிட்டது

புதிய வேலையில் புரொபேஷனை இன்னும் 3 மாதம் நீட்டித்துவிட்டார்கள், காரணமாக "எதிர்பார்த்த அளவு இல்லை" என்ற ஒற்றை வரிதான் தந்தார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பணி உறுதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது.

கைகொடுத்தது, "எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்" என்ற யோசனைதான். மேலாளருக்கு மின்னஞ்சல் போட்டேன்: எந்த வேலையில் குறை, எது நடந்தால் திருப்தி, இடையில் எப்போது பேசலாம்? பதிலில் இரண்டே விஷயம் இருந்தது. மாத அறிக்கை தேதிக்குள் வர வேண்டும். வாடிக்கையாளர் கேள்விகள் தேங்கக் கூடாது. அந்தத் தெளிவு கிடைத்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் முடித்தது எது, நிலுவை எது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்று நாலு வரி அனுப்பி வந்தேன்.

எதிர்பாராத ஒன்று: இன்னொரு பிரிவு தரவைப் பிந்தித் தருவதால்தான் அறிக்கை தாமதமாகிறது என்பது அந்த நாலு வரியில்தான் மேலாளர் கண்ணில் பட்டது. அறிக்கைக்கான தேதியையே தள்ளி வைத்தார்.

"வேறு வேலையும் தேடி வை" என்றவர்கள் சொன்னதையும் செய்தேன். தேவைப்படவில்லை, ஆனால் பதற்றம் குறைந்தது.

இதே நிலையில் இருப்பவர்கள் நீட்டிப்புக் கடிதத்தில் முடிவுத் தேதியும் நோட்டீஸ் காலமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய உயர்வு எந்தத் தேதியிலிருந்து என்றும் கேட்டுவிடுங்கள். எனக்குப் பணி உறுதியான தேதியிலிருந்துதான் கணக்கிட்டார்கள்.