கழற்றி மாட்டும் கூரைக்குக் காந்தம்: என்ன பெயர்?

குன்னூரிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் மட்டும் பாக்கி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நீலகிரி மலை ரயிலின் குன்னூர் நிலையத்தை 1:87 அளவில் செய்கிறார்கள். கூரையை எடுத்தால் உள்ளறை தெரியும். அது நழுவாமலிருக்க மூலைக்கு ஒன்றாக 3 மி.மீ. நியோடிமியம் வட்டுகள். இந்தக் காந்தத்தை எப்படிச் சொல்லலாம்? பிள்ளைகள் ‘டிச் பட்டன்’ என்கிறார்கள்.

மதுரையிலிருந்து:
‘இணைகாந்தம்’. கூரையில் ஒன்று, சுவரில் ஒன்று, எதிரெதிர் முனைகள். சொல்லிலேயே வேலை விளங்குகிறது.

தஞ்சையிலிருந்து:
முதலில் ‘காந்தம்’ நம் சொல்லா? வடமொழி ‘அயஸ்காந்தம்’, இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். ‘வயிறு காந்துகிறது’ என்கிறோமே, அந்தக் ‘காந்து’ எரிவதைக் குறிப்பது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவோர் உண்டு, எனக்கு ஒப்புதல் இல்லை. இரும்பை ஈர்ப்பது ‘ஈர்ப்பி’. ஆகவே ‘பிடியீர்ப்பி’.

குன்னூரிலிருந்து:
ஐயா, ஈர்ப்பு என்றதும் பிள்ளைகளுக்குப் புவியீர்ப்புதான் நினைவுக்கு வரும். ‘இணை’யிலும் சிக்கல் இருக்கிறது. போன வாரம் ஒரு வட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டோம், கூரை அந்த மூலையில் மட்டும் எழும்பியே நின்றது. இப்போது சுவர்ப் பக்கம் இரும்புத் திருகாணியின் தலைதான், முனை பார்க்க வேண்டியதே இல்லை. இரண்டு பக்கமும் காந்தம் வைப்பவர்கள் வட்டுகளை அடுக்கி, மேலே இருப்பதன் மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்த பிறகே அதைப் பிரித்து, அடுத்ததற்குப் போக வேண்டும்.

கோவையிலிருந்து:
அப்படியானால் ‘பிடிகாந்தம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ‘க்’ மிகாது. ‘பிடிக்காந்தம்’ என்று எழுதினால் கைப்பிடியில் உள்ள காந்தம் ஆகிவிடும். அச்சகத்தில் ஒற்றைச் சேர்த்துவிடுவார்கள், மெய்ப்பில் கவனியுங்கள்.

மதுரையிலிருந்து:
திருகாணி வந்தபின் இணைக்கு இடமில்லை. சரி, பிடிகாந்தமே இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து:
நன்றி, அப்படியே போகிறது. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘டிச் பட்டன் போல’ என்று சேர்க்கிறேன்.

தஞ்சையிலிருந்து:
என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது, ‘காந்தம்’ உள்ள சொல்லுக்கு நான் கை தூக்க மாட்டேன். அப்புறம், வட்டுகளைச் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்ட விடாதீர்கள். 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் சாதாரண நியோடிமியம் வலுவிழக்கும். இதையும் கையேட்டில் போடுங்கள்.